12 வயதுக்கு மேல் எந்த அலமாரி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் நாளிதழின் இணைப்பில் ‘விடுமுறையில் குழந்தைகள் படிக்க வேண்டிய புத்தகங்கள்’ என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் கிளை நூலகத்துக்குப் போனேன். மன்னார்குடி வட்டாரத்தில் 29 வருடம் நூலகராக இருந்து 2021-ல் ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் சனிக்கிழமை காலைகளில் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் இருந்த 20 புத்தகங்களில் 14 எங்களிடமே இருந்தன. சந்தோஷமாக ஒவ்வொன்றாக எடுத்து, முன்பக்கம் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பார்த்தேன். ஒன்பது புத்தகங்கள் மூன்று வருடமாக வெளியே போகவே இல்லை. ஒன்றின் தேதித் தாளில் முத்திரையே விழவில்லை. பசை வாசனைகூடப் போகாமல் அப்படியே இருந்தது.

அவை மோசமான புத்தகங்கள் இல்லை. சிலவற்றை நானே சின்ன வயதில் விழுந்து விழுந்து படித்தவள். அந்தப் பட்டியல் நாம் படித்து மகிழ்ந்தவற்றின் பட்டியல். அதில் பாதி, எட்டு வயதுப் பிள்ளைக்கு. மீதி, பெரியவர்களின் ஞாபகத்துக்கு. பதிமூன்று, பதினான்கு, பதினைந்து வயதில் இருக்கிற பிள்ளைக்கு என்று ஒன்றுகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் நூலகங்களிலும் அந்த வயதுக்கு இடம் இல்லை என்பதைத்தான் எழுத வந்தேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருகிறவள். எங்கள் குழந்தைகள் பகுதியில் அலமாரி இடுப்பு உயரம்தான் இருக்கும். உட்கார மஞ்சளும் சிவப்புமாகக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள். போன வருடம் ஒரு நாள் பார்க்கிறேன், அந்தப் பெண் அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் இரண்டும் மோவாய்க்கு முட்டுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பள்ளியில் படிக்கிற பையன்கள் இரண்டு பேர் உள்ளே வந்ததும் சட்டென்று எழுந்துவிட்டாள். பெரியவர்கள் பகுதிக்குப் போனாள். அங்கே மேஜை முழுக்க டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள். குறிப்பு நோட்டும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு இடம் காலி இல்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டில் ஒரு அறைகூட இல்லாத பிள்ளைகள், நூலகத்தை நம்பித்தான் தேர்வு எழுதுகிறார்கள். அந்தப் பெண் நாவல் ரேக் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எதை எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு வார இதழைப் புரட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். நான் கவனிக்காமல் இருந்திருந்தால் அதுதான் அவள் நூலகத்துக்கு வந்த கடைசி நாளாக இருந்திருக்கும்.

இப்படி எத்தனை பேரை இழந்திருப்போம் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. என் பணிக்காலம் முழுக்க ஒரே கதைதான். ஐந்தாம் வகுப்பில் வாரம் இரண்டு புத்தகம் எடுத்த பிள்ளை எட்டாம் வகுப்பில் மாதம் ஒன்று எடுக்கும். பத்தாம் வகுப்பில் உறுப்பினர் அட்டை வீட்டில் எங்கோ கிடக்கும். “பப்ளிக் எக்ஸாம் மேடம், முடிச்சுட்டு வரச் சொல்றேன்” என்பார் அப்பா. தேர்வு முடிந்து திரும்ப வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பள்ளிக்கூடங்களில் இன்று நல்ல வேலை நடக்கிறது. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து மெல்லிய புத்தகங்கள் வந்தன. பக்கம் குறைவு, எழுத்து பெரிது, விஷயம் புதிது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகூட ஒரு புத்தகத்தை முழுசாக முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ‘தேன்சிட்டு’ இதழும் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை போகிறது. ஆனால் ‘பற’ புத்தகத்தை முடித்த பிள்ளை அடுத்து எதை எடுப்பது? அங்கேதான் கேள்வி நிற்கிறது. கடைகளில் விற்ற சிறுவர் இதழ்களும் குறைந்துவிட்டன. ‘கோகுலம்’ 2020-ல் நின்றுபோனது. மாதம் பிறந்தால் அது வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வருகிற ஒரு கூட்டம் எங்கள் நூலகத்தில் இருந்தது. இதழைத் தேடி வந்த பிள்ளை போகும்போது கையில் ஒரு புத்தகமும் எடுத்துக்கொண்டு போகும்.

சரி, எழுதுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் கொடுத்து வருகிறது. 9 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கான புத்தகங்களுக்குத் தரும் விருது அது. 2020-ல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசிய’த்துக்குக் கிடைத்தது. 2023-ல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கு. முதலாவது, தப்பான எண்ணத்தோடு தொடுகிற பெரியவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுகிற கதை. இரண்டாவது கீழடியை வைத்து எழுதப்பட்டது. இரண்டும் எங்கள் நூலகத்தில் இருக்கின்றன. போன வருடம் வரை எங்கே இருந்தன தெரியுமா? காக்கா நரிக் கதைகளோடு, அதே இடுப்பு உயர அலமாரியில், முதுகு மட்டும் தெரிகிற மாதிரி சொருகி. ஒன்பதாம் வகுப்புப் பெண் குனிந்து அங்கே போய்த் தேட மாட்டாள்.

இனி, எங்கள் நூலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016-ல் ஒரு நாள் மாலை, பள்ளி விட்ட நேரம். ஒரு பையன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க கவுண்டரில் நின்றான். பின்னால் நின்ற இன்னொருவன் “எப்படிடா இருக்கு?” என்று கேட்டான். “முதல்ல ஓடாது. 32-ஆம் பக்கத்துலேர்ந்து படி, அப்புறம் நீயே முதல் பக்கத்துக்கு வருவ” என்றான் இவன். அவன் அந்த இடத்திலேயே அந்தப் புத்தகத்தைத் தன் அட்டையில் எடுத்துக்கொண்டு போனான். அதே புத்தகத்தை எத்தனை பிள்ளைகளிடம் “நல்ல புத்தகம்ப்பா, படிச்சுப் பாரு” என்று நீட்டியிருப்பேன்! ஒருத்தரும் வாங்கியதில்லை.

அன்று ராத்திரியே ஒரு நீள நோட்டு வாங்கினேன். அட்டையில் ‘படித்தவர் சொன்னது’ என்று எழுதிக் கவுண்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். மூன்றே கேள்விகள். என்ன புத்தகம்? எந்தப் பக்கத்தில் பிடித்துப்போனது? இது யாருக்குப் பிடிக்காது? பெயர் எழுத வேண்டாம், வகுப்பு மட்டும் போதும் என்றேன். பெயர் வேண்டாம் என்றதும்தான் பிள்ளைகள் உள்ளதை எழுதினார்கள். எழுதியதைச் சீட்டில் பிரதி எடுத்து அந்தந்தப் புத்தகத்தில் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

சிலவற்றை அப்படியே தருகிறேன். கீழடிக் கதைக்கு ஏழாம் வகுப்புப் பையன் எழுதியது: “பாடத்தில் படித்தபோது மார்க்குக்காகப் படித்தேன். இதில் அங்கேயே போய்விட்டேன்.” பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றுக்கு எட்டாம் வகுப்புப் பெண்: “பயமே இல்லை. தம்பிக்குக் கொடுக்கலாம்.” மரப்பாச்சிக் கதைக்கு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று கேள்விகளையும் விட்டுவிட்டு ஒரே வரி எழுதியிருந்தாள்: “இதை அம்மாவும் படிக்கணும்.” அடுத்த வாரம் அந்த அம்மா வந்தார். கடைத்தெருவில் பூக்கட்டி விற்கிறவர். மகள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “பாப்பா சொன்ன புஸ்தகம் இருக்கா மேடம்?” என்று கேட்டார். நான்கு நாளில் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை ஒரு முறை தடவிவிட்டுக் கவுண்டரில் வைத்தார். அந்தப் புத்தகத்தின் தேதித் தாளில் ஒரே வருடத்தில் 17 முத்திரை விழுந்தது. தாள் நிறைந்து, மேலே இன்னொரு தாள் ஒட்டினோம்.

எல்லாச் சீட்டும் பாராட்டு இல்லை. விஞ்ஞானிகள் வரலாறு ஒன்றுக்கு, “வாக்கியம் நீளமாக இருக்கிறது. மூச்சு வாங்குகிறது” என்று ஒரு பையன் எழுதியிருந்தான். ஆய்வுக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நல்ல புத்தகத்தைப் பிள்ளை குறை சொல்வதை இப்படி மாட்டி வைக்கலாமா என்று எடுக்கச் சொன்னார். நான் தேதித் தாளைக் காட்டினேன். அந்தச் சீட்டு வைத்த பிறகு மூன்று பேர் அதை எடுத்திருந்தார்கள், நிஜமாகவே மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க. அதில் ஒரு பெண், “எனக்கு வாங்கவில்லை” என்று கீழே எழுதி வைத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சீட்டு இன்றைக்கும் இருக்கிறது.

இதெல்லாம் எங்கள் மண்ணுக்குப் புதிது இல்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே 1931-ல்தான் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகன் வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. வண்டி வாசலுக்கு வந்த ஊரில், பதினாலு வயதுப் பிள்ளைக்கு நாலடி தள்ளி ஒரு ரேக் போட முடியாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. எங்கள் நூலகத்தில் பின்னறையில் கிடந்த பழைய இரும்பு ரேக் ஒன்றைத் துடைத்து, நாளிதழ் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தோம். குழந்தைகள் பகுதியில் இருந்தும் பெரியவர்கள் பகுதியில் இருந்தும் 60 புத்தகங்கள் எடுத்து அடுக்கினோம். முதுகு தெரிகிற மாதிரி இல்லை, அட்டைப் படம் தெரிகிற மாதிரி. ‘12 முதல் 16’ என்று மட்டும் எழுதி ஒட்டினோம். ‘சிறுவர்’ என்ற வார்த்தையைப் போடவில்லை, அந்த வயதில் அது பிடிப்பதில்லை. பெரியவர்கள் உட்காரும் நாற்காலி நாலு போட்டோம். தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களே தூக்கி வந்து கொடுத்தார்கள். முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்த அந்தப் பெண் இப்போது அங்கேதான் உட்கார்கிறாள். அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். நோட்டில் அவள் எழுதியவை மட்டும் 22.

கோட்டூர்புரத்தில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டையும் பார்த்து மனசார மகிழ்ந்தவள் நான். எங்கள் ஊர்ப் பிள்ளை அங்கே போக பஸ் ஏற வேண்டும். அதற்குக் கைக்கெட்டுவது கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும்தான். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று ஊரே சேர்ந்து கட்டுகிறது. ‘என் பிள்ளைக்கு 14 வயது, அவனுக்கு எந்த அலமாரி?’ என்று எந்த அப்பாவும் அம்மாவும் நூலகத்தில் கேட்கலாம். வாசகர் வட்டக் கூட்டத்தில் கேட்கலாம். தயவுசெய்து கேளுங்கள். கூடவே ஒன்று, பிள்ளை கதைப் புத்தகம் எடுக்கும்போது “இது பாடத்துக்கு உதவுமா?” என்று கவுண்டரில் வைத்துக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போன கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் சின்னது. தங்கள் இணைப்பில் வாரம் ஒரு முறை உள்ளங்கை அளவு இடம் கொடுங்கள். ‘படிக்க வேண்டிய’ என்ற சொல் இல்லாமல், ஏதாவது ஒரு ஊர் நூலகத்தில் ஒரு பிள்ளை எழுதிய நாலு வரியைப் போடுங்கள். புத்தகத்தின் பெயர், எழுதியவர், பதிப்பகம், பிள்ளையின் வகுப்பு, ஊர், அவ்வளவு போதும். திருவாரூரில் ஒரு பிள்ளை சொன்னதைப் படித்து தேனியில் ஒரு பிள்ளை நூலகத்தில் போய்க் கேட்கட்டும். அங்கே அந்தப் புத்தகம் இல்லை என்றால், இன்ன புத்தகம் கேட்கிறார்கள் என்று நூலகர் எழுதி அனுப்ப ஒரு காரணம் கிடைக்கும். நூலகர் நண்பர்கள் சீட்டு அனுப்பத் தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். பத்துப் பதினைந்து பேரிடம் போனில் பேசியும் வைத்திருக்கிறேன்.

முதல் மாதத்துக்கு ஆகட்டும் என்று எங்கள் நோட்டிலிருந்து நாலு பக்கத்தை நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது பக்கத்தை எழுதிய பெண் ‘ஆச்சரியம்’ என்பதற்குச் சின்ன ‘ரி’யை விட்டுப் பெரிய ‘றி’ போட்டிருக்கிறாள். அச்சில் திருத்திக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.