வெளிமானுக்கு வெளி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கோடியக்கரை சரணாலயத்தைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பூநாரைகளைப் பற்றியும், 2002இல் அந்த ஈரநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததைப் பற்றியும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால், பொட்டலாகக் கிடக்கும் இடங்களில் மரக்கன்று நட்டால் காடு செழிக்கும் என்று முடித்திருந்தாரே, அதுதான் உறுத்தியது.

அந்தப் பொட்டல்தான் ஐயா மானின் வீடு. 1967இல் அதைச் சரணாலயமாக்கியதே முக்கியமாக வெளிமானுக்காக. பேரிலேயே வெளி இருக்கிறது. நரி வருவது தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும், பட்டதும் பாய்ந்து ஓட இடம் வேண்டும். மேய்வதும் தரைப்புல்லைத்தான்.

மரம் போதாதென்றா இருக்கிறது? சீமைக்கருவேலம் வந்து புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் நெற்று இனிக்கும். காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் தின்னும், மாடு தின்னும், ஏன், மானே தின்னும். விதை சாணத்தோடும் புழுக்கையோடும் போய் அடுத்த புல்வெளியில் முளைக்கும். வெட்டினால் தூரிலிருந்து துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்கத்தான் வேண்டும். அப்புறமும் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கிற கன்றுகளை வருடா வருடம் களைய வேண்டும். கன்று நடுவதைப் போல இதற்குப் போட்டோ எடுக்க ஆள் வராது என்பது வேறு விஷயம்.

மரக்காடும் அங்கே உண்டு. வெளியூர்க்காரர்கள் முள்ளுக்காடு என்று தாண்டிப் போவது பாலை மரங்கள் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. அந்த மரம் மெதுவாகத்தான் வளரும். வேதாரண்யத்தில் சித்தி வீட்டுக்குப் போகும் விடுமுறைகளில் பாலைப்பழம் தின்று, உதட்டில் ஒட்டிய பிசினை எண்ணெய் தொட்டுத் துடைத்தது இன்னும் நினைவிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல் அங்கே ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டது. சரி, விழுந்த இடத்தில் அந்தக் காட்டின் விதையே முளைக்கட்டும். நர்சரியிலிருந்து வேம்பும் புங்கனும் வண்டியில் ஏற்றி வர வேண்டாம்.

நட்டே தீருவேன் என்கிற வாசகர்கள் இருந்தால் எங்கள் பக்கம் அனுப்புங்கள். அதே கஜாவில் தென்னையும் மாவும் பறிகொடுத்த கொல்லைகள் இங்கே உண்டு. குழி நாங்களே வெட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி