நிலாவெளிக் காணி பற்றி

அன்புள்ள குகன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். தம்பலகாமத்தில் பெரியண்ணர் இந்தச் சிறுபோகம் தண்ணீரை மிச்சம் பிடிக்க வயலை இடைக்கிடை வற்ற விடுகிறார், நம்புவாயா? கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வந்தால் வரம்பு முட்ட நிரப்பி வைத்த மனுஷன்! இப்போது துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிய பிறகுதான் மறுபடி பாய்ச்சுகிறார். பூக்கும் பருவத்தில் மட்டும் வற்ற விடமாட்டார்.

சரி, உன் விஷயம். நிலாவெளிச் சீதனக் காணியில் குழாய்க்கிணறு இறக்கி வருஷம் முழுக்க வெங்காயம் போடலாமா என்று கேட்டாய். மணல் மண், வெங்காயத்துக்குத் தோதுதான். ஆனால் ஆழமாக இறக்காதே மச்சான். அந்தக் கடற்கரையில் நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓரடி நின்றால் கீழே 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர். நீ மோட்டரைப் போட்டு மேலே ஓரடியைக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறாது. முதல் போகங்களில் ஒன்றும் தெரியாமல் நீயும் இன்னொரு மோட்டர் வாங்குவாய். பிறகு கிணறு உவர்த்தால் வெங்காயம் தாங்காது, அது உப்புக்கு மகா நோஞ்சான்.

நல்ல மழை ஐப்பசியிலிருந்து தை வரைதான். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் இறைத்தது பின்னேரமே காய்ந்துவிடும். ஹோட்டல்காரர்களுக்கும் அப்போதுதான் சீசன், அவர்களும் அதே தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறார்கள்.

பசளையும் அப்படித்தான். மணலில் யூரியா தங்காது, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்குள் இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டினால் மாப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளைத்தான் முதலில் பாதிக்கும். கற்பிட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இது பழைய தலையிடி. அதற்காக 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடைசெய்ததுபோல எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கூத்தை அதே வருஷம் நவம்பரில் அவர்களே கைவிட்டார்கள். மாட்டெருவை அடியில் போட்டு, யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடு, போதும்.

என்னைக் கேட்டால், ஆழமில்லாத அகலமான கட்டுக்கிணறு, சின்ன மோட்டர், தூவல் நீர்ப்பாசனம். மாரி முடிந்ததும் ஒரு போகம் வெங்காயம். அதன்பிறகு எள்ளோ பயறோ போட்டுவிட்டு நீ கொழும்புக்கே போய்விடலாம். காசு குறையும்தான், உன் மனைவியிடம் நீயே சொல்லிக்கொள்.

ஆவணியில் அக்கா மகளின் கல்யாணத்துக்கு எப்படியும் வருவாய். தண்ணீர் ஆகக் கீழே நிற்கும் மாதம் அது. பக்கத்துக் காணிக் கிணறுகளில் போத்தலில் எடுத்து உப்புப் பார்ப்போம். அதுவரை துளையிடும் ஆட்களுக்கு முற்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சிவா