பாரீஸிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம்

பாரீஸ், 20.6.1982

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் நலமும் அம்மா, தங்கச்சி நலமும் அறிய ஆவல்.

முதலில் நல்ல சேதி. இங்கே தங்கி வேலை செய்வதற்கான கார்டு எனக்குக் கிடைத்துவிட்டது. இனி போலீஸைக் கண்டு தெரு மாறி நடக்க வேண்டாம். போன வருஷம் மே 10 அன்று ஜனாதிபதி தேர்தலில் மித்தெரான் ஜெயித்த ராத்திரி, பஸ்தீய் மைதானத்தில் மழையில் நனைந்துகொண்டே ஜனம் ஆடியது. எனக்கும் போக ஆசைதான். பயத்தில் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் அந்த அரசாங்கமே, 1981க்கு முன்னால் வந்து வேலையில் இருப்பவர்கள் மனுக் கொடுக்கலாம் என்றது. லட்சம் பேருக்கு மேல் கொடுத்தார்கள். என் முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் மூன்று மாதம் இழுத்தடித்தார். கடைசியில் போட்டார். விடியற்காலை நாலு மணிக்கே குளிரில் வரிசை. எனக்கு முன்னால் மொரோக்கோக்காரர், பின்னால் ஒரு போர்த்துகீசிய அம்மாள். அந்த அதிகாரி என் போட்டோ மேல் முத்திரை குத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, சித்தப்பா கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக் குடிமகனானார், நீங்கள் போடவில்லை. அதில் எனக்கு ஒரு நாளும் வருத்தமில்லை அப்பா.

ஜனவரியில் இன்னொரு சட்டம் வந்தது. வாரம் 39 மணி நேர வேலை, வருஷத்துக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு லீவு. 39 மணி எங்கள் சமையல்கட்டுக்கு வரவில்லை, ஹோட்டல்களுக்குத் தனிக் கணக்காம். லீவு மட்டும் எல்லோருக்கும் உண்டு. கீழ் வீட்டுப் பெரியவர் 14 வயதில் தொழிற்சாலைக்குப் போனவர். அடுத்த ஏப்ரலிலிருந்து 60 வயதிலேயே முழு பென்ஷன் என்று உத்தரவு வந்ததும் அந்தப் பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். முப்பத்தேழரை வருஷம் பணம் கட்டியிருக்க வேண்டும். அவர் அதற்கு மேலேயே கட்டிவிட்டார்.

கஷ்டமும் இருக்கிறது. வேலையில்லாதவர்கள் 20 லட்சம் பேர். பிராங்க் மதிப்பை இந்த மாதம் இரண்டாவது தடவையாகக் குறைத்தார்கள், அதனால் நான் அனுப்பும் பணம் ரூபாயில் குறையும். விலைவாசியோடு சம்பளத்தையும் நான்கு மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இவர்கள் செய்ததை நான் மறக்க மாட்டேன்.

இந்த லீவின் ஆரம்பம் 1936 என்று பெரியவர் சொன்னார். பிரதமர் பிளூம் ஆட்சி, ஜூன் மாதம், இரண்டு வாரம். எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்தது. அடுத்த மாதமே, ஜூலை 30இல், அதே பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் புதுச்சேரியில், சவானா மில்லில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உங்களுக்கு அப்போது பதினெட்டு வயது. எட்டு மணி நேர வேலை அதற்குப் பிறகுதான் வந்தது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்டில் ஓட்டலை மூடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் சேர்த்துக் கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள். ஜூலை 29 புதுச்சேரி வந்துவிடுவேன். மறுநாள் மில் வாசலுக்கு உங்களோடு நானும் வருகிறேன். அம்மாவிடம் வெயில் இருக்கும்போதே கொஞ்சம் வடகம் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்