வெயில் ஊரிலும் எஞ்சின் குளிர்ந்துதான் இருக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ரேர்போ கார் ஒன்று, அடியில் டக் டக் என்ற சத்தத்தோடு எங்கள் கராச்சுக்கு வந்தது. கழற்றிப் பார்த்தால், கிராங் பெயாரிங்கின் (எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) வெள்ளை மேற்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒயில் அளவு சரி, சொந்தக்காரர் அதை நேரத்துக்கு மாற்றியும் இருக்கிறார். ஓடுகிற விதத்தைக் கேட்டபோதுதான் விளங்கியது. விடிய ஸ்ராட் பண்ணி, கண்டி வீதிக்கு ஏறின கையோடு அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிப்பாராம். “யாழ்ப்பாண வெயிலுக்கு எஞ்சினைச் சூடாக்கவும் வேணுமோ அண்ணை?” என்று கேட்டார். இதையே வேறு பலரும் கேட்பதால்தான் இந்த மடல்.

30 பாகை நமக்கு வெக்கை, எஞ்சின் ஒயிலுக்கோ குளிர். 90, 100 பாகையில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். 5டபிள்யூ-30 ஒயிலின் தடிப்பு, 100 பாகையில் இருப்பதைவிட 40 பாகையில் ஏறக்குறைய ஆறு மடங்கு. அடுத்த சேர்விஸுக்கு வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஓடி வந்த காரிலிருந்து வடிகிற ஒயில் தண்ணீர்போலக் கொட்டும். கானிலிருந்து ஊற்றுகிற புது ஒயில் நல்லெண்ணெய்போல ஆறுதலாக இறங்கும். அந்தத் தடிப்போடு நுணுக்கமான இடைவெளிகளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். பிஸ்டனுக்கும் அவகாசம் வேண்டும். சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும் என்பதால், சூடேறின பிறகுதான் பிஸ்டன் சிலிண்டருக்குள் அளவாக இருக்கும்.

மீற்றரில் முள்ளு நடுவுக்கு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது காட்டுவது தண்ணீரின் சூட்டை. ஒயில் பின்னால்தான் வரும். பல கார்களில் தண்ணீர் 75 பாகை தாண்டியதுமே முள்ளு நடுவில் போய் நின்றுவிடும், பிறகு அசையாது. ஹொண்டா வீ-டெக் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: எஞ்சின் குளிராக இருக்கும்வரை, கூடின சுற்றில் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் மேல் கேம் வேலைக்கு வராது. செய்தவர்களே அப்படிப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

அதற்காக முற்றத்தில் பத்து நிமிடம் நிறுத்தி இரைய விடவும் வேண்டாம். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் போகும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இருக்கிற ஒயிலையும் நீர்க்கச் செய்யும். ஸ்ராட் பண்ணுங்கள், பெல்ற்றைப் போடுங்கள், அரை நிமிடத்தில் மெதுவாக வெளிக்கிடுங்கள். ஒயில் சூடாகும்வரை நிமிடத்துக்கு 2,500, 3,000 சுற்றுக்கு மேல் போக வேண்டாம். பெரிய கியரில் திணறத் திணற மிதிப்பதும் அதே அளவு கூடாது. டவுனிலிருந்து போனால் நாவற்குழிப் பாலத்தடியில் முள்ளு நடுவுக்கு வந்திருக்கும். ஒயிலுக்காகச் சாவகச்சேரி வரை பொறுங்கள், அது எங்கள் கணக்கு.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணி, காரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உடனே நிறுத்தாதீர்கள். பிளக் நனைந்து, திரும்ப ஸ்ராட் எடுக்காது.

விடிய ஸ்ராட் பண்ணும்போது வரும் சத்தத்தில் சந்தேகம் இருந்தால், முதல் நாள் பின்னேரமே காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள். இரவு முழுக்க ஆறின எஞ்சினை விடிய நாங்களே ஸ்ராட் பண்ணிக் கேட்கிறோம். ஓடிக்கொண்டு வந்தால் அந்தச் சத்தம் வழியிலேயே அடங்கிவிடும்.

அன்புடன்,
உங்கள் கராச்சிலிருந்து