ஊசி போட்டால் சுகர் ஏறுமா? தாணுவுக்கு ஒரு கடிதம்

தக்கலை
வைகாசிக் கடைசி, நல்ல மழை

அன்புள்ள தாணு,

முந்தாநாள் போனை வைத்தபிறகு எனக்கே திருப்தி இல்லை. நீ ஒன்று கேட்டாய், நான் ஒன்று சொன்னேன், நடுவில் உன் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு யானைக்கதை கேட்டான். என் காதும் பழைய காது இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். மூன்று நாளாக இங்கே மழை விடவில்லை. பால் வெட்டுகிறவர் வரவில்லை, ரப்பர் மரத்துச் சிரட்டையில் எல்லாம் மழைவெள்ளம்தான் நிற்கிறது. எழுத இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

உன் டாக்டர் ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடச் சொல்லியிருக்கிறார், நீ சுகர் ஏறிவிடும் என்று பயந்து தள்ளிப்போடுகிறாய். “ஊசின்னாலே எனக்கு ஏறும், அனுபவம் இருக்கு மக்கா” என்றாய். அந்த அனுபவம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் முட்டு வலிக்குப் போட்டுக்கொண்டாயே, அதுதானே? ஒரு வாரம் முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை என்று புலம்பினாய். மக்கா, முட்டுக்குள் அப்படிப் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சுகரை ஏற்றும், அதில் சந்தேகமே இல்லை. தடுப்பூசியில் இருப்பது வேறு சரக்கு. சிரிஞ்சு ஒன்றுதான் இரண்டுக்கும் பொது.

சரி, தடுப்பூசியால் ஏறவே ஏறாதா என்றால், ஏறலாம். எனக்கு ஏறியது. கதையைக் கேள்.

என் அக்காவுக்கு அக்கி வந்தது உனக்குத் தெரியும். குயவர் வீட்டுக்குப் போய்க் காவி கரைத்து அக்கி எழுதிவிட்டு வந்தோம். கொப்புளம் காய்ந்தது, வலி மட்டும் போகவில்லை. ஒரு வருஷம் கழிந்தும் சேலை முந்தானை விலாவில் பட்டால் முகத்தைச் சுளிப்பாள். நமக்குச் சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் படுத்துக் கிடந்து, வயதான காலத்தில் அக்கியாக எழும்புகிறது. சுகர்காரர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அக்கி ஊசி போட முடிவெடுத்தேன். விலையைக் கேட்டதுமே, ஊசி போடும் முன்பே எனக்குக் கை வலித்தது. இரண்டு டோஸ். முதல் டோஸ் தையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் காய்ச்சல். கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் 188. எனக்கு வழக்கமாக 130ஐ ஒட்டித்தான் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் 226.

இது ஏன் என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஊருக்குள் கள்ளன் புகுந்துவிட்டான் என்று ஒருவன் கூப்பாடு போட்டால் என்ன ஆகும்? எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், ஆள் ஓடும், கம்பு தேடும். கரண்ட் மீட்டர் சுற்றும். ஊசி போட்டதும் உடம்புக்குள் நடப்பது அதுதான். எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல இன்டர்லூகின் மாதிரியான சில பொருட்களை விடுகின்றன. கார்ட்டிசால், அட்ரினலின் ஹார்மோன்களும் கொஞ்சம் கூடும். கல்லீரல் தன்னிடம் இருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கும். இன்சுலினின் பேச்சைத் தசைகள் ஓரிரு நாள் சரியாகக் கேட்காது. கள்ளன் இல்லை, வைக்கோல் பொம்மைதான் என்று தெரிந்ததும் விளக்குகள் அணையும். மறுபடி நிஜக் கள்ளன் வந்தால் ஊர் தயாராக இருக்கும்.

ஊசி மருந்திலேயே சீனி இருக்கிறது என்று யாரோ சொன்னதாகவும் கேட்டாய். உண்மைதான். மருந்து கெடாமல் இருக்கச் சில ஊசிகளில் சுக்ரோஸ் சேர்ப்பார்கள். கோவிஷீல்டிலும் இருந்தது. அக்கி ஊசியில் ஒரு டோஸுக்கு 20 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் சீனி ஏறக்குறைய 4 கிராம், அதாவது 4000 மில்லிகிராம். இருநூறில் ஒரு பங்கு. நீ சீனி இல்லாமல் சாயா கேட்டாலும் கடைக்காரர் அதே ஸ்பூனால்தான் கலக்குகிறார், அதில் ஒட்டியிருப்பது இதைவிட அதிகம் இருக்கும்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். போனில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

226 என்று பார்த்ததும் கை பதறிவிட்டது. சுகரை இறக்கும் கிளிமிபிரைடு ராத்திரி அரை மாத்திரைதான் எனக்கு. அன்று யாரையும் கேட்காமல் முழுசாகப் போட்டேன். போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் காய்ச்சல் வாய், ஒன்றும் இறங்கவில்லை. இரண்டு கரண்டி கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தேன். ராத்திரி ஒரு மணி இருக்கும். பனியன் நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. காய்ச்சல் விட்டு வேர்க்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து விளக்கைப் போடப் போனால் விரல் சுவிட்சில் நிற்கவில்லை, சுவரில் தட்டித் தட்டி நழுவுகிறது. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரி எழுந்து வந்து குத்திப் பார்த்தாள். 58. என்னைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, கையில் கிடைத்த கருப்பட்டித் துண்டை வாயில் திணித்தாள். கடிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அப்புறம் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து 84. அந்தக் கால் மணி நேரமும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். விடியும்வரை இரண்டு பேரும் தூங்கவில்லை.

தாணு, அந்த 226ஆல் எனக்கு ஒரு வாட்டமும் வரவில்லை. அதைப் பார்த்து நான் பதறியதுதான் என்னைப் படுக்கவைக்கப் பார்த்தது. ஊசிக்குப் பிறகு ஏறுகிற சுகர் தானாக இறங்கும். நாம் துரத்திப் பிடித்து இறக்கினால், எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதுவும் சரியாகச் சாப்பிடாத ராத்திரியில்.

டாக்டர் திட்டித் தீர்த்தார். திட்டிவிட்டு, இரண்டாவது டோஸுக்கு என்ன செய்யவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று நாளைக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும், படுக்கும் முன்னும் பார். மாத்திரையை நீயாகக் கூட்டாதே, நீயாக நிறுத்தாதே. சாப்பாடு இறங்கவில்லை என்றால் கிளிமிபிரைடைப் போடும் முன் எனக்குப் போன் செய். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், இனிப்பு சிரப் வேண்டாம். தண்ணீர் நிறையக் குடி. வாந்தி நிற்காவிட்டாலோ, 300க்கு மேல் போய் இறங்காமல் நின்றாலோ நேரே வந்துவிடு.

சித்திரையில் இரண்டாவது டோஸ். பசி இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கஞ்சியும் பயறும் குடித்தேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஊசிக்கு முன் 142, பிறகு 168, 191, 174, மூன்றாம் நாள் 139. அவ்வளவுதான்.

நடுவில் ஒரு கூத்து. இரண்டாம் நாள் மத்தியானம் வரிக்கைச் சக்கை ஒன்று பழுத்து மணம் வீட்டைத் தூக்கியது. சாப்பிடக் கூடாது, வெட்டிக்கொடுக்கலாமே என்று கையில் எண்ணெய் தேய்த்து வெட்டி, பலாச்சுளை பறித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கையைத் துவர்த்தில் துடைத்துவிட்டுக் குத்திப் பார்த்தால் 334! அவள் தலையில் கைவைத்துவிட்டாள், நான் ஒரு சுளை அமுக்கிவிட்டேன் என்று சண்டை வேறு. பிறகுதான் மூளை வேலை செய்தது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 174. விரலில் ஒட்டியிருந்த சக்கைப்பழத்துச் சீனியைத்தான் மெஷின் முதலில் எண்ணியிருக்கிறது. முதல் டோஸ் சமயத்தில் இப்படி ஒரு 334 வந்திருந்தால் எத்தனை மாத்திரை விழுங்கியிருப்பேனோ. இன்னொன்று, நல்ல மீட்டரே நூற்றுக்குப் பதினைந்து முன்னே பின்னே காட்டலாம் என்று தரவிதி இருக்கிறது. அதனால் நேற்று 150, இன்று 165 என்று போன் செய்து என்னைப் பயமுறுத்தாதே.

மூன்று மாதச் சராசரி கெட்டுவிடும் என்றாயே, அதற்கும் கணக்குப் போட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவன் சும்மா இருப்பானா? இரண்டு நாள் முழுக்க 50 கூடுதலாகவே இருந்தது என்று வை. தொண்ணூறு நாளுக்குப் பரப்பினால் நாளுக்கு 1.1. அந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி 7இலிருந்து 8 ஆக வேண்டுமானால் சராசரி சுகர் ஏறக்குறைய 29 கூட வேண்டும். அப்படியென்றால் இந்த இரண்டு நாள் உன் ஏ1சியில் ஏற்றுவது 0.04. லேப் ரிப்போர்ட்டில் அந்தத் தசமத்தை அச்சடிக்கவே மாட்டார்கள்.

கோவிட் ஊசி வந்த வருஷங்களில், கையில் சுகர் பார்க்கும் சென்சார் ஒட்டியிருந்த டைப் 1 (உடம்பு இன்சுலினே சுரக்காத வகை) ஆட்களை வைத்து நிறையப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாள் சின்ன ஏற்றம், பலருக்கு ஒன்றுமே இல்லை. எனக்கும் ஃப்ளூ ஊசிக்கு நோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் அது வருஷா வருஷம் போட வேண்டும், கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் மருந்தையும் மாற்றுகிறார்கள். நிமோனியா ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை.

போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் மூத்த மச்சானே போதும். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று கிடந்தார், ஐந்தாம் நாள் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது சுகர் 460. ஊசி எழுப்புகிற அதே கூப்பாட்டை நிஜ நோய் பத்து மடங்காக, நாள்கணக்கில் எழுப்பும். பத்து நாள் இன்சுலின் ஏற்றித்தான் வெளியே வந்தார். இப்போது அவர்தான் தெருவில் எல்லோருக்கும் ஊசி உபதேசம்.

உன் விஷயத்தில் ஒன்று மட்டும் தனியாகக் கேட்டுக்கொள். உன் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை இருந்ததாக ஞாபகம். ஊசிக்குப் பிறகு வாந்தி வந்து சாப்பிட முடியாமல் போனால் அதை நிறுத்திவைக்கச் சொல்வார்கள், சுகர் ரொம்ப ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அதில் உண்டு. எப்போது நிறுத்த, எப்போது தொடங்க என்று முன்கூட்டியே உன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

உன் மருமகள் பின்னாலிருந்து கேட்டதும் காதில் விழுந்தது, குழந்தைகளுக்குப் போடும் ஊசியால் சுகர் நோயே வருமாமே என்று. டென்மார்க்கில் 1990 முதல் 2000 வரை பிறந்த குழந்தைகளை, ஏழு லட்சத்துக்கும் மேல், மொத்தமாக எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு டைப் 1 அதிகம் வரவில்லை. பேரனுக்கு அட்டையில் இருக்கிற ஊசியை எல்லாம் போடச் சொல்.

வேறு விசேஷம் என்ன? பின்பக்கம் மட்டி வாழை இரண்டு குலை தள்ளியிருக்கிறது. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு தானும் ஒரு பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வளைந்து நிற்கிறது. திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்து இவ்வளவு நாளாகியும் நான் போகவில்லை. நீ வந்தால் போகலாம் என்று வைத்திருக்கிறேன். உனக்குத் தலை சுற்றினால் என்னைப் பிடித்துக்கொள்ளாதே, எனக்கும் சுற்றும்.

சக்கை வற்றல் ஒரு பொட்டலம் பார்சலில் வருகிறது. உனக்கில்லை, மருமகளுக்கும் பேரனுக்கும். ஊசி போட்டதும் மூன்று நாள் எண்களை எழுதி அனுப்பு. குத்தும் முன் கையைக் கழுவு.

உன்
செல்லப்பன்