மலைத் தேனீக்குத் தீனி கூடுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் வந்த பூச்சிகள் கட்டுரையில், உயரம் கூடக்கூடப் பூச்சிகளின் உடல் குளிர்ந்து தீனியும் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். கம்பளிப்புழுவுக்கு அது சரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஏறத்தாழ 6 டிகிரி குளிர்கிறது. உடல் சூடு 10 டிகிரி இறங்கினால் பெரும்பாலான பூச்சிகளின் வளர்சிதை மாற்றம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மலைமேல் இருக்கும் மேல் கோதையாற்றுப் புழு அடிவாரத்துப் புழுவைவிட நாள் கடந்துதான் கூட்டுப்புழுவாகும்.

தேனீக் கூட்டத்தின் கணக்கு நேர்மாறானது. தனியாக அகப்பட்ட தேனீ குளிரில் விறைத்துப்போகும். கூட்டமாக இருந்தால், வெளியே எப்படி இருந்தாலும் தன் குஞ்சுப் புழுக்கள் வளரும் அடையை 33 முதல் 36 டிகிரிக்குள் காத்துக்கொள்ளும். சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும். அந்தச் சூட்டுக்கு விறகு, தேன். குளிர் கூடினால் தேன் செலவும் கூடும். பங்குனி வெயிலிலோ தண்ணீர் சுமந்துவந்து, சிறகால் விசிறி அடையைக் குளிர்விக்கும்.

மார்த்தாண்டம் பக்கம் 27 ஆண்டுகளாகப் பெட்டி வைத்திருக்கிறேன். ரப்பர் தளிர்க்காம்பில் தேன் சுரக்கும் தை, மாசியில் கவலையில்லை. ஆனி, ஆடிச் சாரலில்தான் சோதனை. பயிற்சி வகுப்பில் சொன்ன அளவுப்படியே, வீட்டுப் பெட்டிகளுக்கும் மாறாமலைக் கிராம்புத் தோட்டத்துப் பெட்டிகளுக்கும் ஒரே அளவு சர்க்கரைப் பாகு வைத்தேன். வீட்டுக் கூட்டங்கள் தேறின. மலையில் மூன்று கூட்டங்கள் பெட்டியைவிட்டே போய்விட்டன. அடையில் ஒரு சொட்டுத் தேன் இல்லை. அந்த வெற்றுப் பெட்டிகளைச் சுமந்து இறங்கிய நாள் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. மறு ஆண்டு மலைப் பெட்டிகளுக்குப் பாகைக் கூட்டி, வாசலைச் சுருக்கினேன். ஒன்றும் போகவில்லை.

மலையில் பிடிக்கும் தேனீ சமவெளித் தேனீயைவிடக் கறுப்பு, உருவிலும் சற்றுப் பெரியது. கறுப்பு உடல் வெயிலைச் சீக்கிரம் வாங்கும். பெரிய உடல் சூட்டை மெல்ல விடும். அந்த மண்ணுக்கு அமைந்த அந்தக் கூட்டங்களையே மலையில் வளர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

ஒரு வேண்டுகோள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்தையும் மழையளவையும் தவறாமல் வெளியிடுகிறீர்கள். மழைக்காலத்தில் மட்டுமாவது மேல் கோதையாற்றின் இரவு வெப்பநிலையையும் அருகில் ஒரு வரி சேருங்கள். எந்த வாரம் பாகு கூட்ட வேண்டும் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்துகொள்வோம்.

தேனீ வளர்ப்பவர் ஒருவர்,
மார்த்தாண்டம்.