உன் பேரில் எழுதிய கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில், "அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பணும்மா" என்றாய். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் குழந்தை சிணுங்கியது கேட்டது. "நீ எப்படிம்மா சமாளிச்சே?" என்று கேட்டாய். "எல்லாம் பழகிடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு நாலு மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே மீட்டிங். ஜன்னலுக்கு வெளியே யார் வீட்டுக் குழந்தையோ அழுதது. எனக்குப் பால் சுரந்துவிட்டது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு மீட்டிங் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பால் எடுக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும் என்பதும், எடுக்காமல் விட்டால் உடம்பு தானாகவே குறைத்துக்கொள்ளும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். நீ அந்த இடத்தைக் கேட்டு வாங்கு. வேலை நேரத்திலேயே தாய்க்குத் தினம் இரண்டு முறை அரை மணி நேரம் தரவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919லேயே உடன்படிக்கை எழுதிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் எத்தனை பேர் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்! எடுத்த பால் அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதே.

எட்டு, ஒன்பது மாதத்தில் நீ கிளம்பினாலே உன் மகள் அலறுவாள். கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று புரிகிற வயது அது. நான் நீ பார்க்காதபோது நைசாக நழுவுவேன். அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? நான் குளிக்கப் போனால்கூட வாசலில் உட்கார்ந்து காவல் காப்பாய். அவளிடம் சொல்லிவிட்டே போ, அழுதாலும்.

இதெல்லாம் சின்ன விஷயம். சொல்ல வந்தது வேறு.

உனக்கு மூன்று வயதில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்றேன். "குழந்தை சின்னவ" என்றேன். எல்லோரும் மெச்சினார்கள். உண்மையில் எனக்குப் பயம். அத்தனை பேரை வைத்து வேலை வாங்க என்னால் முடியுமா என்று. பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, கையில் நீ இருந்தாய். உன் பேரில் எழுதிவிட்டேன். பல வருஷம் கழித்து உனக்கு மதிப்பெண் குறைந்த அன்று, "உனக்காக எல்லாத்தையும் விட்டேனே" என்று கத்தினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாய். நீ வாங்காத கடனுக்கு உன்னிடம் வட்டி கேட்டிருக்கிறேன் என்று எனக்கு உறைக்க வெகு நாளாயிற்று.

நீ வேலையை விடுவதானாலும் விடு, பிடித்துக்கொள்வதானாலும் பிடித்துக்கொள். இரண்டிலும் அவள் பேரை இழுக்காதே. அலுப்பு என்றால் அலுப்பு என்று சொல், ஆசை என்றால் ஆசை என்று சொல். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிற இந்த மாதங்களில் ராஜினாமா மட்டும் எழுதாதே. தூக்கம் திரும்பட்டும், பிறகு யோசி.

மேரி க்யூரியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், இரண்டு நோபல், இரண்டு மகள்கள் என்று. மூத்தவள் ஐரீன் 1897ல் பிறந்த கொஞ்ச நாளிலேயே மாமனார் அந்த வீட்டுக்கு வந்து பேத்தியை வளர்த்ததை யாரும் சொல்வதில்லை. அந்தக் கிழவருக்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

மாப்பிள்ளை நிறைய ஹெல்ப் பண்ணுகிறார் என்றாய். சந்தோஷம். அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தாய். நீ சொல்லச் சொல்லச் செய்வது ஹெல்ப். சொல்லாமலே அவர் மண்டையில் ஓடினால்தான் உன் பாரம் இறங்கும்.

முதல் இரண்டு வாரம் நான் வந்து இருக்கிறேன், டிக்கெட் போட்டாயிற்று. தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையையே தேடி எடுத்து வைக்கச் சொல். நீ எடுத்துக் கொடுக்காதே.

அம்மா